‘கோயிங்’ என்றாரே, ‘டு’ என்றாரா?

மருந்துச் சீட்டோடு கீழே போன நான் திரும்பி மூன்றாவது மாடிக்கு வந்தபோது, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் மாமா தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வரிசையாக நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அத்தனை நாற்காலி இருக்க ஒரு மனிதர் தரையில் உட்கார்ந்தால் என்ன அர்த்தம் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

தோளில் கிடந்த துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எடுத்தார்.

“அம்மணி... டாக்டரு வந்துட்டுப் போனாரு. தம்பி போறானாம்.”

கையில் இருந்த மருந்துப் பை நழுவவில்லை. அதெல்லாம் சினிமாவில்தான். நான் அதை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். உள்ளே கண்ணாடிக் குப்பிகள் இருக்கின்றன, உடைந்தால் மறுபடி கீழே போய் வரிசையில் நிற்க வேண்டும் என்று அந்த நேரத்திலும் புத்தி வேலை செய்தது. அந்தப் புத்தியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் கோபம் வருகிறது.

மாமா என்பது என் கணவர் மோகனின் அண்ணன். கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். தம்பிக்கு இதயத்தில் பைபாஸ் ஆப்பரேஷன் என்றதும் தோப்பை அப்படியே போட்டுவிட்டு வந்தவர், ஐந்து நாளாக அந்த வாசலை விட்டு நகரவில்லை. முதல் மூன்று நாள் மோகன் மூச்சுக்குழாயோடு கண்மூடிக் கிடந்தார். முந்தின நாள் மாலை குழாயை எடுத்தார்கள். இனி தானாக மூச்சு விட்டுத் தாக்குப்பிடிப்பாரா என்பதுதான் கேள்வி. அன்று காலை நர்ஸ் அவசரமாக ஒரு சீட்டைக் கொடுத்து ஊசி மருந்து வாங்கி வரச் சொன்னார். அதற்காகத்தான் கீழே போயிருந்தேன்.

“டாக்டர் என்னன்னு சொன்னாருங்க மாமா? தமிழ்லயா சொன்னாரு?”

“அவருக்கு எங்க அம்மணி தமிழ் வருது? இங்கிலீசுலதான். ‘ஹி இஸ் கோயிங்’னாரு. அது கூடவா எனக்குத் தெரியாது? உரமூட்டையில போட்டிருக்கிற இங்கிலீசை நாப்பது வருசமாப் படிச்சிட்டிருக்கேன்.”

சொல்லிவிட்டு மறுபடியும் துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை

இந்தத் தொடரை முதல் வாரத்தில் இருந்து படிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். பீளமேட்டில், கல்லூரிகளுக்கு நடுவே, ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருபது வருடத்துக்கும் மேலாக ஆங்கில வகுப்பு நடத்துகிறவள் நான். சமையல் சுமார்தான். கோலம் போட்டால் புள்ளிகள் கோபித்துக்கொள்ளும். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை இலக்கணம்.

அதிலும் எதிர்காலம் பற்றிய பாடம் என்றால் எனக்குக் கொண்டாட்டம். “ஆங்கிலத்தில் எதிர்காலத்துக்கு என்று வினைச்சொல்லில் தனி வடிவமே இல்லை, தெரியுமா?” என்றுதான் ஆரம்பிப்பேன். மாணவர்கள் முழிப்பார்கள். நமக்கு ‘வருவேன்’ என்று ஒரே சொல்லில் காரியம் முடிகிறது. அவர்கள் அங்கே இங்கே இரவல் வாங்கித்தான் நாளையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. விருப்பத்தைச் சொல்கிற ‘வில்’லை வாங்கினார்கள். நடந்து போவதைச் சொல்கிற ‘கோயிங்’கை வாங்கினார்கள். இரண்டும் ஒன்றுதானே என்று எந்த மாணவனாவது சொல்லிவிட்டால் அன்றைக்கு அவன் தொலைந்தான்.

‘வில்’ என்பது பேசுகிறவரின் நம்பிக்கை. அவர் அப்படி நினைக்கிறார், அவ்வளவுதான். ‘கோயிங் டு’ அப்படி அல்ல. நடக்கப்போவதன் அறிகுறி கண்ணெதிரே இருந்தால்தான் அதைச் சொல்லலாம். ஜன்னல் வழியாகக் கீழே தெருவைக் காட்டுவேன். சைடு ஸ்டாண்டைச் சரியாகப் போடாமல் எவனாவது ஒருவன் பைக்கை நிறுத்தியிருப்பான். “இட் இஸ் கோயிங் டு ஃபால். விழப்போகுது. இதுக்கு ஜோசியர் வேணுமா?” என்பேன். ஒரு தடவை நான் சொல்லி வாய் மூடுவதற்குள் அந்த பைக் நிஜமாகவே விழுந்துவிட்டது. வகுப்பே கை தட்டியது. வண்டிக்காரன் மேலே பார்த்துத் திட்டினான். என் ஆசிரிய வாழ்வின் உச்சம் என்று அதைத்தான் சொல்ல வேண்டும்.

மேட்டுப்பாளையத்தில் இருந்து மலை ரயில் கிளம்புவது போல அட்டவணையில் இருக்கிற விஷயங்களுக்கு வெறும் நிகழ்காலம் போதும். இன்னொன்றும் உண்டு. மண்டபம் பேசி, பத்திரிகை அடித்தாயிற்று என்றால், கல்யாணம் அடுத்த மாதமாக இருந்தாலும், இப்போதே நடந்துகொண்டிருப்பது போல ‘ஷி இஸ் கெட்டிங் மேரீட்’ என்பார்கள். ஏற்பாடு ஆகிவிட்ட எதிர்காலம். மணி அடிக்கிற நேரமாகிவிடும் என்பதால் இதை மட்டும் ஐந்து நிமிடத்தில் ஓட்டிவிடுவேன்.

இந்த வித்தையை வகுப்போடு விட்டிருக்கலாம். ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் டாக்டர் வந்து என் கணவரின் தோளைத் தட்டி, ‘ஹி வில் பி ஃபைன்’ என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். வடக்கே இருந்து வந்து கோவையில் சேர்ந்து சில மாதங்களே ஆன, சிரித்த முகமான டாக்டர். வேறு யாராக இருந்தாலும் கும்பிட்டிருப்பார்கள். நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டேன்.

“என்னாச்சு இப்ப?” என்றார் மோகன்.

“‘வில்’னு சொல்றாருங்க. ‘கோயிங் டு’ன்னு சொல்லலை. அவரா நினைச்சுக்கிறாரு, அவ்வளவுதான். ஆதாரம் எதுவும் அவர் கையில இல்லை.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பம்ப் செட் கம்பெனியில் முப்பது வருடம் தரப் பரிசோதனையில் இருந்தவர். ஓட்டை மோட்டாரைப் பார்க்கிற அதே பார்வை.

“டீச்சரம்மா, அந்த மனுசன் மொதல்ல ஆப்பரேசனைப் பண்ணி முடிக்கட்டும். பொறகு நீ பேப்பர் திருத்து.”

யாரும் போவதில்லை

மாமா ஏன் அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் அப்படி இடிந்து உட்கார்ந்தார் என்பதற்கு இன்னொரு கதை சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் யாரும் போவதில்லை. வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் ‘வாரேனுங்க’ என்பார். பெட்டியோடு பஸ் ஏறி மெட்ராசுக்கே போகிறவரும் ‘வாரேன்’தான். ‘போறேன்’ என்று சொன்னால் வாசலில் நிற்கிற பெண்கள் வாயில் அடித்துக்கொள்வார்கள். அது ஒரே ஒரு பயணத்துக்கான சொல்.

என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். மேட்டுப்பாளையத்துப் பாக்கு வியாபாரியின் மகள். பேச்சில் அவ்வளவு பணிவு. தினமும் வகுப்பு முடிந்ததும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, “ஐ ஆம் கமிங், மிஸ்” என்று சொல்லிவிட்டுக் கிளம்புவாள். நானும் பத்து நாள் பொறுத்துப் பார்த்தேன். பதினோராவது நாள் பிடித்துக்கொண்டேன்.

“எங்கேம்மா கமிங்? நீ கிளம்பிப் போற. ‘ஐ ஆம் கோயிங்’னு சொல்லு.”

“அப்படிச் சொல்லக் கூடாதுங்க, மிஸ்.”

“இது இங்கிலீஷ். இதுல சொல்லலாம்.”

“இங்கிலீசுல சொன்னாலும் நாம்பதானுங்களே போறோம்?”

என்ன பதில் சொல்வது என்று தெரியாதபோது வாத்தியார்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன். எனக்குக் கோபம் வந்தது. மொத்த வகுப்பையும் எழுந்து நிற்கச் சொல்லி, ‘ஐ ஆம் கோயிங்’, ‘ஹி இஸ் கோயிங்’, ‘ஷி இஸ் கோயிங்’ என்று முப்பது பேரையும் உரக்கச் சொல்ல வைத்தேன். கீழே ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அந்தப் பெண் மட்டும் உதட்டை அசைத்தாள், சத்தம் வரவில்லை. எனக்கு அது தெரிந்தது. விட்டுவிட்டேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், டெட்டால் நெடிக்கு நடுவே, அந்த முப்பது குரல்களும் என் காதில் விழுந்தன. ஹி இஸ் கோயிங், ஹி இஸ் கோயிங். படித்தவள்தான் நான், சகுனம் பார்க்காதவள்தான். ஆனால் அந்த நிமிடம், நானேதான் எல்லோரையும் சொல்லவைத்துச் சாவைக் கூப்பிட்டுவிட்டேன் என்று நிஜமாக நம்பினேன். யாராவது திரும்ப அத்தனை பேரையும் கூட்டி வந்து ‘வாரேன்’ என்று சொல்லவைத்தால் காலில் விழுந்திருப்பேன்.

ரெண்டா?

மாமாவின் எதிரே நானும் தரையில் உட்கார்ந்தேன்.

“மாமா, நல்லா ரோசனை பண்ணிச் சொல்லுங்க. ‘கோயிங்’னு சொன்னதுக்குப் பொறகு என்ன சொன்னாரு? ‘டு’ன்னு சொன்னாருங்களா?”

“டூவா? ரெண்டுன்னு எதுவும் சொல்லலையே அம்மணி.”

“அந்த டூ இல்லீங்க மாமா. ‘கோயிங் டு’. சேர்ந்தாப்ல வரும்.”

“வாயில துணி கட்டிட்டிருக்காரு. உள்ள வேற மெசின் ‘குய்யோ முய்யோ’ன்னு கத்துது. ‘ஹி இஸ் கோயிங்’னு வாயெடுத்தாரு, பொறகு என்னமோ சொல்லிட்டே உள்ள ஓடிட்டாரு. கதவு சாத்திக்கிச்சு.”

“என்னமோன்னா? ஒரு வார்த்தையா, ரெண்டு வார்த்தையா?”

“நீ என்ன அம்மணி, பரிச்சை வெக்கிற மாதிரிக் கேக்கறே?” என்று மாமா அழுதுவிட்டார். அறுபத்தைந்து வயது மனிதர் அழுது நான் பார்த்ததில்லை. அவரை நான்தான் அழவைத்தேன்.

ஆனால் எனக்கு அது தெரிந்தே ஆக வேண்டும். ‘டு’ இல்லை என்றால் மாமா புரிந்துகொண்டதுதான் சரி. மோகன் போய்க்கொண்டிருக்கிறார். ‘டு’ இருந்தால் அது வேறு வாக்கியம், அதன் வால் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஒரே ஒரு எழுத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

பிறகுதான் அந்த எழுத்தும் என்னைக் கைவிட்டது. ‘டு’ இருந்தால் மட்டும் என்ன? ‘கோயிங் டு’ என்று சொல்ல அறிகுறி கண்ணெதிரே வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவளே நான். சாய்ந்து நின்ற பைக்கை விரல் நீட்டிக் காட்டியவள் நான். டாக்டர் உள்ளே எதைப் பார்த்துவிட்டு வந்து அந்தச் சொல்லை எடுத்தார்? அவர் வாயில் இருந்து ‘வில்’ வந்ததற்கு முகத்தைத் தொங்கப்போட்டேனே, இப்போது ஒரு ‘வில்’ கிடைக்காதா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

எழுந்து போய் அழைப்பு மணியை அழுத்தினேன். நர்ஸ் தலையை மட்டும் வெளியே நீட்டி மருந்துப் பையை வாங்கிக்கொண்டார். “சிஸ்டர், எட்டாம் நம்பர் பெட்...” என்று ஆரம்பித்தேன். “உள்ள ஒரு எமர்ஜென்சிங்க, சித்த இருங்க” என்று கதவைச் சாத்திவிட்டார். யாருக்கு எமர்ஜென்சி? மறுபடி அழுத்தினேன். திறக்கவில்லை. செக்யூரிட்டி வந்து என்னை மரியாதையாக நாற்காலியில் கொண்டுபோய் உட்காரவைத்தார்.

அப்படி எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. சுவரில் கடிகாரம் இருந்தது, பார்க்கவில்லை. கதவுக்கு அடியில் இருக்கிற இடைவெளியில் செருப்புகள் போவதும் வருவதும் தெரிந்தது. பச்சைச் செருப்பு ஓடினால் எனக்கு மூச்சு நின்றது. பச்சைச் செருப்பு மெதுவாக நடந்தால் அதைவிட மோசம். முடிந்துபோனால்தானே மெதுவாக நடப்பார்கள்?

வேன் வந்தது

லிஃப்ட் திறந்தது. முதலில் அழுகைச் சத்தம் வெளியே வந்தது, பிறகு ஆட்கள். மாமாவின் மனைவி முன்னால். நான் அக்கா என்று கூப்பிடுவேன். பின்னால் கிணத்துக்கடவுச் சொந்தம் மொத்தமும். ஒரு லிஃப்ட் போதாமல் பாதிப் பேர் படியேறி வந்துகொண்டிருந்தார்கள்.

“அம்மணீ...” என்று அக்கா என்னைக் கட்டிக்கொண்டார். மாமாவைத் திரும்பிப் பார்த்தேன்.

“போன் பண்ணிச் சொல்லிப்போட்டேன்” என்றார் மாமா, தரையைப் பார்த்துக்கொண்டு. “கடைசியா மொகத்தைப் பாத்துக்கட்டும்னு.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் வந்தது. இத்தனை பேர் சேர்ந்து நம்பிவிட்டார்கள். இனி அது நடக்காமல் எப்படி இருக்கும்? பொய்யாக இருந்தால் இருபது பேர் வேனில் ஏறுவார்களா? ஊரில் வீட்டு வாசலில் பந்தல் போடச் சொல்லியாயிற்று என்று கூட்டத்தில் யாரோ யாரிடமோ மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. எங்கள் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்ட அதே முகங்கள்தான் எல்லாம்.

அந்தச் சத்தத்துக்குத்தான் கதவு திறந்தது. டாக்டரே வந்தார். முகத்துணியைத் தாடைக்கு இறக்கிவிட்டு, அழுதுகொண்டிருந்த கூட்டத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். யார் இறந்துபோனார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

என் ஆங்கிலம் எங்கே போனது என்று தெரியவில்லை. இருபது வருடம் பேசச் சொல்லிக்கொடுத்தவளுக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. “யூ... செட்... கோயிங்” என்றேன். என்னிடம் முதல் நாள் வகுப்புக்கு வருகிறவர்கள் இதைவிட நன்றாகப் பேசுவார்கள்.

டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். பிறகு ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். “யெஸ். ஹி இஸ் கோயிங் டு த வார்டு. திஸ் ஈவினிங்.”

டு த வார்டு.

‘டு’ இருந்தது. ஆனால் அதற்குப் பின்னால் வினைச்சொல் இல்லை, ஒரு இடம்தான் இருந்தது. மனிதர் சாயங்காலம் வார்டுக்குப் போகிறார். படுக்கை சொல்லியாயிற்று, தள்ளுவண்டிக்காரருக்குத் தகவல் போயிற்று, ஏற்பாடு முடிந்துவிட்டது. மணி அடிக்கிற நேரம் என்று நான் ஐந்து நிமிடத்தில் ஓட்டிவிடுகிற அந்த வடிவம்!

“வார்டுக்கு மாத்தறாங்களாம் மாமா. சாயங்காலம்” என்று சொல்லிவிட்டு நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேனா அழுதேனா என்று அக்காவைத்தான் கேட்க வேண்டும். கூட்டத்துக்கு விஷயம் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆனது. கடைசியில் நின்ற இரண்டு பெண்கள் நல்ல செய்தி வந்த பிறகும் அழுதுகொண்டிருந்தார்கள். எடுத்த அழுகையை எங்கே வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மாமா ஜன்னல் ஓரம் போய் போனில் கத்தினார். “பந்தல் வேண்டாம்னு சொல்லு... கட்டிட்டாங்களா? அப்பப் பிரிக்கச் சொல்லு! உசுரோட இருக்கானப்பா!”

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நெஞ்சில் கிருமி தொற்றியிருக்கிறது, அதற்குத்தான் அந்த ஊசி. உள்ளே இருந்தால் இன்னும் தொற்றும், அதனால்தான் வார்டு. மூன்று நாள் காய்ச்சல் வராமல் இருக்க வேண்டும். அவர் உடம்பு இருக்கிற நிலையில் காய்ச்சல் வந்தால் தாங்குவது கஷ்டம்.

“வில் ஹி...” என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை.

“லெட் அஸ் சீ” என்றார். பார்க்கலாம். அதில் எந்தக் காலமும் இல்லை.

சாயங்காலம்

வார்டில் ஜன்னலோரப் படுக்கை கிடைத்தது. சொந்தங்கள் கண்ணாடி வழியாக ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, கேன்டீனில் சாப்பிட்டு, ‘வாரோமுங்க’ என்று வேன் ஏறினார்கள். மாமாவை வற்புறுத்தி அவர்களோடு அனுப்பிவைத்தேன்.

அதுவரை அரைத் தூக்கத்தில் கிடந்த மோகன் நன்றாகக் கண் விழித்தார். ஐந்து நாள் தாடி. குழாய் அறுத்த தொண்டையில் இருந்து காற்றுதான் வந்தது. காதைப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

“ஊர்ச்சனம் பூராவும் வந்துட்டுப் போச்சே. என்னாச்சு?”

“உங்களைப் பாக்கலாம்னுதானுங்க.”

“இருவது பேரா?”

நான் போர்வையைச் சரிசெய்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டார் பார்க்கிற பார்வை அல்ல. அப்படி ஒரு பார்வையை நான் அவரிடம் பார்த்ததில்லை. முப்பது வருடத்தில் அவர் என்னிடம் எதற்கும் பயந்து பேசியதில்லை.

“சுகந்தி, நா பொழைச்சுக்குவனா?”

எனக்குத் தெரிந்த வடிவங்கள் எல்லாம் வந்து வரிசையில் நின்றன. ‘பொழைச்சுக்குவீங்க’ என்றால் அது என் நம்பிக்கை மட்டும்தான் என்று அவருக்குத் தெரிந்துவிடும், அதைச் சொல்லி அவர் உயிரை எடுத்தவளே நான்தான். ‘பொழைக்கப் போறீங்க’ என்று சொல்ல என் கையில் எந்த ஆதாரமும் இல்லை. ‘பார்க்கலாம்’ என்பதை என் வாயால் சொல்ல முடியாது.

“பொழைச்சாச்சுங்க” என்றேன்.

நடந்து முடிந்த காலத்தில் சொன்னேன். எப்படி என்று இன்றும் தெரியவில்லை.

“டாக்டரு சொன்னாரா?”

“ஆமாங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கழுத்து நரம்பு மெல்லத் தளர்ந்ததைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனார்.

நான் சொன்னது உண்மையாக இன்னும் மூன்று நாள் இருந்தது. அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். சூடு இல்லை. கையை எடுத்து, சேலையில் துடைத்து, மறுபடியும் வைத்தேன்.